கருப்பருக்கு எந்த விஸ்கி பிடிக்கும்?

இந்த ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மனிதன் விஸ்கி பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்து போகலாம். எதிரே போலீஸ்காரர் வந்தால் மழை வருமா என்றுதான் கேட்பார். மலாயாவுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் இது ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. நான் சமையல் செய்கிற பங்களாவின் துரைக்காகச் சீனர் கடையில் பாட்டில் வாங்கும்போதெல்லாம் என் கை தானாக அதை மடிக்குள் கொண்டுபோகப் பார்க்கும். போட்டிருப்பதோ கால்சட்டை. மடி எங்கே இருக்கிறது? அதனால் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றித் தரும்படி கடை முதலாளியான தவுக்கேயிடம் கையால் காட்டுவேன். ஒரு தாள் சுற்றுவார். இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டுவேன். நான் இப்படி விடாமல் கேட்பதைப் பார்த்து அவராக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை சிரித்துக்கொண்டே உள்ளே போய், பாட்டிலைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றி, தங்க நிற நூலால் கட்டி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அவர் பாஷையும் தெரியாது, அந்தத் தைரியமும் கிடையாது. வழியில், தோட்டத்து ஆபீசில் எழுதுகிற கிராணி என்னைப் பார்த்துவிட்டு, "என்ன ராமையா, யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து வாராவாரம் என் தூரத்துச் சொந்தத்தில் யாருக்காவது கல்யாணம் நடந்துகொண்டே இருக்கிறது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் கை ஏன் மடியைத் தேடுகிறது என்று சொல்லத் தேவையில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நான் அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் உள்ள ஒரு சிற்றூர்க்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கக் கூசுகிறவன், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த கையோடு மதுவிலக்கும் வந்து சேர்ந்தது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் பூட்டினார்கள். குடித்துப் பழகியவர்கள் கொஞ்ச நாள் முனகிவிட்டு டீக்கு மாறினார்கள். மாறாதவர்கள் செய்ததை இங்கே எழுதுவது நாகரிகம் இல்லை. உண்மையில் அந்தச் சட்டத்தில் அநியாயமாக அகப்பட்டுக்கொண்டவர் எங்கள் ஊர் எல்லையில் நின்று காவல் காக்கிற கருப்பர்தான். தலைமுறை தலைமுறையாக அவருக்குப் படையல் என்றால் சுருட்டும் சாராயமும். டாக்டரிடம் போய் உடம்புக்குத் தேவை என்று சீட்டு வாங்கி, பெர்மிட் எடுத்துக் குடிக்கப் பட்டணத்துப் பெரிய மனிதர்களுக்கு வழி இருந்தது. கருப்பர் எந்த டாக்டரிடம் போவார்? ஊரில் கூடிப் பேசினார்கள். சாமியை ஏமாற்றக் கூடாது என்றது ஒரு கட்சி. சர்க்காரை ஏமாற்ற முடியாது என்றது இன்னொரு கட்சி. சர்க்கார் கட்சி ஜெயித்தது. இஞ்சியை இடித்துச் சாறெடுத்து, கருப்பட்டியைக் கரைத்து நிறம் ஏற்றி, புட்டியில் ஊற்றிப் படையலில் வைத்தார்கள்.

கருப்பர் இறங்குவது என் மச்சான் வீரையா மேல். என் மனைவி பொன்னழகின் அண்ணன். சாராயக் காலத்தில் சாமி வந்துவிட்டால் மச்சான் அரிவாள் மேல் ஏறி நின்று, களவுபோன மாடு எந்தத் திசையில் போனது என்பது வரைக்கும் சொல்லுவார். இஞ்சித் தண்ணீர்க் காலத்தில் உடம்பை இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு, விபூதியைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை வரவில்லை. ஊருக்கு அது வருத்தம். எனக்கோ அது வாழ்க்கை. பொன்னழகை மலாயாவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஊருக்குப் போகிற ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகுட்டி என்று அவளைப் பிடித்து வைக்கவும் எதுவும் இல்லை. ஆனால் அவள் ஒரே பதில்தான் சொல்லுவாள்.

"கருப்பர் உத்தரவு கொடுக்கட்டும். மறுநாளே வாரேன்."

"அவருதான் வாயவே தொறக்க மாட்டேங்குறாரே."

"அதுக்கு நான் என்னங்க செய்ய? மூணு திருவிழாவுல கேட்டுட்டேன். உத்தரவு இல்லாம கடலத் தாண்டி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகக் கப்பல் ஏறுவேன்.

இங்கே என் துரையின் பெயர் மெக்ரே. ஸ்காட்லாந்துக்காரர். தோட்டத்து ரப்பர் ஆலையின் இன்ஜின்களைப் பார்த்துக்கொள்கிறவர். மற்ற துரைமார் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போவார்கள். இவர் போக மாட்டார். அங்கே எல்லாரும் விஸ்கியில் சோடாவை ஊற்றிக் கெடுக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். வீட்டு அலமாரியில் விதவிதமான பாட்டில்களை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு, தனியாக அவற்றின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிறு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். நான் அதன் ஓரத்தில் பாதியில் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை அரைகுறை மலாய். ஒருவன் குடித்தால் அது வியாதி, இரண்டு பேர் குடித்தால் அது பேச்சு என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சமாக ஊற்றி என் முன்னால் வைத்தார்.

அடுத்தவர் வீட்டுப் பாத்திரம். நம் ஊரில் அதில் எப்படிக் குடிப்போம்? மரியாதையாக, உதடு படாமல், அண்ணாந்து தொண்டைக்குள் ஊற்றினேன். தண்ணீர் போகிற வழியில் தீ போனது. போனதில் பாதி மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. கண்ணில் நீர் கொட்டியது. துரை எழுந்து நின்றுவிட்டார். முகட்டைப் பார்த்து நான் ஏதோ பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் இருமி முடிக்கிற வரைக்கும் தலையைக் குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் முடித்ததும் "ஆமென்" என்றார்.

உண்மை புரிந்தபிறகு சொல்லிக்கொடுத்தார். முதலில் மூக்கை டம்ளருக்குள் விட வேண்டும். பிறகு உதட்டை விளிம்பில் வைத்து ஒரு துளி எடுத்து, நாக்கில் போட்டு, அவசரப்படாமல் இருக்க வேண்டும். உதட்டை வைப்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. பிறத்தியார் டம்ளரை எச்சில்படுத்துகிறோமே என்ற கூச்சத்தில் முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் நானே டம்ளரை எடுத்துப்போய்க் கழுவிக் கழுவி வைத்தேன். டம்ளரில் தூசி இருக்கிறது போலும் என்று நினைத்து அவரும் தன் டம்ளரை நீட்டினார். அதையும் கழுவினேன்.

பழகியபிறகு அது ஒரு தனி உலகமாக இருந்தது. கோட்டைப் படம் போட்ட பாட்டில் ஒன்று. அதை மோந்தால் புது வைக்கோல் வாசனை வரும். சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஆறப்போட்டால் வைக்கோலுக்கு அடியிலிருந்து கருப்பட்டிப் பாகு கிளம்பும். கொக்குப் படம் போட்டது இன்னொன்று. அது கடலோரத்துச் சரக்காம். எனக்கு மணமேல்குடிக் கரையில் காயப்போட்ட வலைதான் நினைவு வந்தது; நாக்கின் ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி இருக்கும். மூன்றாவதில் படமே கிடையாது, கறுப்பு எழுத்து மட்டும். செங்கல் சூளை அணைந்த மறுநாள் அதன்மேல் மழை பெய்தால் ஒரு வாசனை வருமே, அது. கூடவே கொஞ்சம் ஆஸ்பத்திரி. முதல்முறை குடித்தபோது துரை என்மேல் ஏதோ கோபத்தில் இதைக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் கண் அலமாரியில் முதலில் தேடுவது அந்தப் படமில்லாத பாட்டிலைத்தான்.

என்ன வாசனை தெரிகிறது என்று துரை ஒவ்வொரு முறையும் கேட்பார். மலாயில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. ஒரு தடவை, இதோ இந்த வாசனை என்று காட்டுவதற்காகச் சமையலறைக்குப் போய் ஒரு துண்டு கருப்பட்டியைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் அதை வாங்கிக் கடித்துவிட்டார். மேலே ஒரு மடக்கு விஸ்கி குடித்தார். கண்ணை மூடினார். எங்கள் ஊரில் விஸ்கிக்குத் தொட்டுக்கொள்வது இது என்று அவர் முடிவு கட்டியபிறகு நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. வருகிற துரைமாருக்கெல்லாம் தட்டில் கருப்பட்டி வைக்கும்படி உத்தரவு. ராமையாவின் தேசத்தில் விஸ்கியை இப்படித்தான் குடிப்பார்கள் என்று அவர்களிடம் சொல்லுவார். என் தேசத்தில் விஸ்கியைக் கையில் வைத்திருந்தாலே பிடித்து உள்ளே தள்ளுவார்கள் என்பதை அந்தத் துரைமாரிடம் எந்தப் பாஷையில் சொல்ல?

ஒரு ஞாயிறு படமில்லாத விஸ்கியை நாக்கில் வைத்துக்கொண்டிருந்தபோது அந்த யோசனை வந்தது. சுருட்டுப் புகைக்குப் பழகிய கருப்பருக்கு இது பிடிக்காமல் போகுமா? இஞ்சித் தண்ணீருக்கு வாயைத் திறக்காதவர் இதற்குத் திறந்தாலும் திறப்பார். திறந்தால் பொன்னழகு கேட்பதற்குப் பதில் கிடைக்கும். அவர் என்ன சொல்லுவார் என்பது வேறு விஷயம். 'போகாதே' என்று சொன்னாலும் ஒரு முடிவு தெரியும் அல்லவா? அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும்போது சம்பளப் பணத்தில் வாங்கிய மூன்று விஸ்கியையும், மூட்டுவலித் தைலம் வந்த பழுப்பு பாட்டில்களில் மாற்றி, லேபிள் கிழியாமல் தக்கை வைத்து அடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

கப்பல் இறங்கிய இடத்தில் சோதனை. அதிகாரி ஒரு பாட்டிலை எடுத்தார்.

"என்னய்யா இது?"

"மூட்டுவலித் தைலங்க."

"எந்த மூட்டுக்கு?"

"எல்லா மூட்டுக்குங்க."

அவர் தக்கையைப் பிடுங்கி, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, கொஞ்சம் ஊற்றித் தேய்த்தார். உள்ளங்கையை மோந்தார். மறுபடியும் மோந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போதுமே நான் அப்படித்தான் நிற்பது; அதனால் திருட்டு முழி என்று தனியாகத் தெரிந்திருக்காது.

"சுர்ருன்னு ஏறுதேய்யா. எங்க மாமனாரு முட்டி வலின்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. ஒண்ண வச்சிட்டுப் போ."

கோட்டைப் படத்துச் சரக்கு அங்கேயே நின்றுவிட்டது. மாமனார் அதை எந்த மூட்டில் தேய்த்துக்கொண்டாரோ தெரியாது.

ஊரில் மச்சானிடம் சொன்னேன். மச்சான், ஊர்த் தலைவரான அம்பலகாரரிடம் சொன்னார். திருவிழாவுக்கு முதல் நாள், ஊரே உச்சி வெயிலில் சுருண்டு படுத்திருந்த நேரத்தில், அம்பலகாரர் வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் மூன்று பேரும் கூடினோம். பாட்டில் இரண்டு. ஒன்று இந்த வருஷப் படையலுக்கு, இன்னொன்று அடுத்த வருஷத்துக்கு என்று அம்பலகாரர் முன்யோசனையாகச் சொன்னார். அப்படியானால் இந்த வருஷத்துக்கு எது?

"மோந்து பாத்தாத் தெரியலங்க. ருசி பாத்தாத்தான் தெரியும்," என்றார் மச்சான்.

"சாமிக்கு வைக்கிறத மின்னாடியே வாயில வைக்கலாமாப்பா? படையல் சோத்துக்கே நாம உப்புப் பாக்குறதில்ல," என்றார் அம்பலகாரர்.

"பாக்காம வச்சு அவருக்குப் பிடிக்கலைன்னா? ஏற்கனவே இஞ்சித் தண்ணிய ஊத்தி ஊத்திக் கடுப்புல இருக்காரு. அவரு எறங்குற ஒடம்பு என்னுது. அடி எனக்குல்ல விழும்?"

அம்பலகாரர் மீசையைத் தடவியபடி கொஞ்ச நேரம் யோசித்தார். எத்தனையோ வரப்புச் சண்டையைத் தீர்த்து வைத்தவர்.

"ஒதடு படாம அண்ணாந்து ஊத்திக்கிட்டா எச்சில் இல்லை. அது பாத்த கணக்கு. குடிச்ச கணக்கு இல்லை."

தீர்ப்பைக் கேட்டு எனக்குத் திக்கென்றது. அண்ணாந்து ஊற்றினால் விஸ்கியின் ருசி எப்படித் தெரியும்? அது நாக்கைத் தொடாமலே ஓடிவிடுமே. அதை அனுபவத்தில் கண்டவன் நான். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"இல்லங்க, இத ஒதட்ட வச்சு, நாக்குல கொஞ்ச நேரம் நிறுத்தித்தான்..."

"மாப்ள," என்றார் மச்சான், "அக்கரைப் பழக்கத்த அக்கரையிலயே வச்சுக்கங்க."

கொக்குப் படத்துச் சரக்கு முதலில். அம்பலகாரர் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பாட்டிலை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டார். கண் இரண்டும் வெளியே வந்து உள்ளே போனது.

"எப்புடிங்க?"

"காரம்."

"காரம் சரிங்க. ருசி?"

"ருசி என்னான்னு பாக்குறதுக்குள்ள எறங்கிருச்சுப்பா. நீ பாரு."

மச்சான் ஊற்றிக்கொண்டார். நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "என்னமோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. சரியாப் பிடிபடல. மாப்ள, நீங்க பாருங்க." நானும் அண்ணாந்தேன். வலையும் இல்லை, உப்பும் இல்லை. வெறும் நெருப்பு. துரை ஞாயிறு ஞாயிறாகச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரு நொடியில் வீண். "பிடிபடலங்க," என்றேன். அப்படியானால் அவசரப்படக் கூடாது, இது சாமி காரியம் என்று அம்பலகாரர் மறுபடியும் பார்த்தார். மச்சான் மறுபடியும் பார்த்தார். பாட்டில் சுற்றிச் சுற்றி வந்தது. ருசி கடைசிவரைக்கும் யாருக்கும் பிடிபடவில்லை. பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் விழுந்தபிறகு அம்பலகாரர் வருத்தமாகச் சொன்னார்.

"இதுல ஒரு முடிவுக்கும் வர முடியலையேப்பா."

"முடிவு வந்துருச்சுங்க," என்றார் மச்சான், "மிச்சம் இருக்குறதுதான் சாமிக்கு."

ஆளுக்கு ஒரு திசையாகப் பிரிந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் பொன்னழகு மூக்கைச் சுருக்கினாள். "என்னங்க, ஒடம்பெல்லாம் மூட்டுவலியா? தைல வாசம் தூக்குது," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் படையல். கிடா வெட்டி, சோற்றைக் குவித்து, சுருட்டை வைத்து, நடுவில் ஒரு கிண்ணத்தில் படமில்லாத விஸ்கியை ஊற்றினார் மச்சான். காற்று எங்களைத் தாண்டிக் கூட்டத்துப் பக்கம் அடித்தது. பொம்பளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு வீட்டுப் போருலயோ தீப் பிடிச்சிருச்சுடீ!" என்று ஒருத்தி கத்தினாள். இளவட்டங்கள் பாதிப் பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு களத்துமேட்டுக்கு ஓடிவிட்டார்கள். அவர்கள் ஊர் முழுக்கத் தீயைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கொட்டுச் சத்தம் உச்சத்துக்குப் போக, மச்சான் கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை ஊர் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கருப்பர் இறங்கிவிட்டார். சந்தேகமே இல்லை. அரிவாள் மேல் ஏறி நின்றார். அம்பலகாரரின் பங்காளி வரப்பை நகர்த்தியதைச் சொன்னார். இஞ்சித் தண்ணீர் ஊற்றியவர்களைப் பெயர் சொல்லித் திட்டினார். பிறகு பொன்னழகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது.

"அப்பா கருப்பா! இவரோட நான் அக்கரைக்குப் போகவா, வேண்டாமா?"

கொட்டு நின்றது.

"போ!" என்றார் சாமி. மூச்சு வாங்கிக்கொண்டு, காலிக் கிண்ணத்தை ஒரு தடவை பார்த்தார். "நானும் வாரேன்!"

அம்பலகாரர் தரையில் விழுந்துவிட்டார். "சாமி! நீங்களும் கெளம்பிட்டா எல்லைய யாரு பாக்குறது?"

"இங்கிட்டும் நிப்பேன். அங்கிட்டும் நிப்பேன். ஏண்டா, எனக்கு ரெண்டு காலு இல்லையா?"

சொல்லிவிட்டுத் தன் கையாலேயே எல்லையில் ஒரு பிடி மண்ணை அள்ளி, பொன்னழகின் முந்தானையில் போட்டார். நம் பக்கத்தில் தெரிந்த வழக்கம்தான். ஊரை விட்டுப் போகிறவர்கள் பிடிமண் கொண்டுபோய் வைத்தால், போன இடத்திலும் சாமி வந்து நிற்பார். ஆனால் தானே முன்வந்து மண்ணை அள்ளிப் போட்ட சாமியை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தோம். பொன்னழகு பிடிமண்ணை மஞ்சள் துணியில் முடிந்து மாடத்தில் வைத்தாள். படையலிலிருந்து அவள் தூக்கிக்கொண்டு வந்திருந்த பழுப்பு பாட்டிலில் ஒரு மடக்கு மிச்சம் இருந்தது. அதை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பேசுனது கருப்பரா, எங்கண்ணனா, இந்தத் தைலமா?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் பாட்டிலை மோந்தாள். என்ன நினைத்தாளோ, தலையைச் சாய்த்து, உதடு படாமல் அந்த ஒரு மடக்கையும் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுப்பு ஊதுற கொழலக் கழுவி ஊத்துன மாதிரி இருக்கு," என்றாள். அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவள் தூணோரத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த மூணு திருவிழாவுலயும் நான் சத்தமாக் கேக்கவே இல்லங்க. வாய்க்குள்ளேயே கேட்டேன். கொட்டுச் சத்தத்துல எனக்கே கேக்கல. சாமிக்கு எங்குட்டுக் கேக்கும்?"

"ஏன் புள்ள?"

"போன்னு சொல்லிட்டாருன்னா?"

இந்தத் தடவை மட்டும் ஏன் அப்படிக் கத்தினாய் என்று கேட்டேன்.

"நீங்க வந்து எறங்குன மறுநா, நான் தண்ணிக்குப் போயிட்டு வாரதுக்குள்ள நீங்களே சோறு வடிச்சு வச்சிருந்தீங்க. தொறந்து பாத்தேன். ஒரு ஆளுக்குத்தான் இருந்துச்சு."

எனக்கு அது நினைவே இல்லை. தனி ஆளாக வடித்துத் தின்று பழகிய கை தானாகச் செய்திருக்கிறது. அவளை மறந்து செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மறந்துதான் செய்திருக்கிறேன். அதனால் சொல்லவில்லை. கருப்பரைப் பேசவைக்க விஸ்கியே தேவைப்பட்டிருக்காது. இஞ்சித் தண்ணீருக்கே கருப்பர் பேசியிருப்பார், சத்தமாகக் கேட்டிருந்தால். இதை நான் மச்சானிடமோ அம்பலகாரரிடமோ இதுவரை சொல்லவில்லை. பாவம், அவர்கள் பட்ட பாடு வீண் என்று ஆகிவிடும்.

பொன்னழகு வந்தாள். பங்களாவுக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பின் ஓரத்தில் ஒரு ரம்புத்தான் மரம். அதன் அடியில் கல் நட்டு, பிடிமண்ணை வைத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் கல்லுக்கு முன்னால் ஒரு டம்ளர் வைத்து, துரையின் பாட்டில்களில் அடியில் நிற்கிற மிச்சத்தை அவரிடம் கேட்டு வாங்கி ஊற்றி வைப்பாள். பிறகு எடுத்துக் கல்லின்மேல் ஊற்றுவாள். முதல்முறை அதைப் பார்த்தபோது துரை, வீட்டில் தீப்பிடித்த மாதிரி ஓடிவந்தார். சமையலுக்குக் கேட்கிறோம் என்று அதுவரை நினைத்திருந்தாராம். யார் இது என்று கேட்டார். காவல் தெய்வம் என்பதற்கு எனக்கு மலாயில் சொல் தெரியவில்லை. பெரியவர், எங்களுக்கெல்லாம் தாத்தா மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். என் தாத்தாவை அங்கே புதைத்திருக்கிறோம் என்று அவர் புரிந்துகொண்டார். தாத்தா ஊரில் செத்திருக்க வேண்டுமே, இங்கே எப்படி வந்தார் என்று அவர் கேட்கவில்லை. அன்றுமுதல் அந்தப் பக்கம் போகும்போது தொப்பியைக் கழற்றிவிடுகிறார். தாத்தாவுக்கு எது பிடிக்கும் என்று விசாரித்தார். படமில்லாத பாட்டிலைக் காட்டினேன். நல்ல மனிதர்தான் என்றார். இப்போதெல்லாம் அந்தப் பாட்டில் திறந்தால் முதல் ஊற்று கல்லுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை, சோடா கலக்கக் கூடாது.

ஆக, எங்கள் கருப்பர் கடலுக்கு இந்தப் பக்கம் சட்டப்படி ஸ்காட்லாந்து விஸ்கி குடிக்கிறார். அந்தப் பக்கம் சட்டப்படி இஞ்சித் தண்ணீர் குடிக்கிறார். இதை நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொள்வது உண்டு. போன வருஷம்வரை.

போன வருஷம் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கப்பலில் வந்து, எங்களைத் தேடிப் பிடித்தார். மச்சான் சுகம், அம்பலகாரர் சுகம் என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"இந்த வருஷம் கருப்பரு எறங்கவே இல்லீங்க. வீரையாண்ணே பொழுது சாயுற வரைக்கும் நின்னு பாத்தாரு. ஒடம்பு சிலுக்கவே இல்லையாம். அம்பலகாரரு ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரு."

"என்னங்க?"

"அங்கிட்டுத்தான் இருக்காரான்னு."

நான் சிரித்துவிட்டேன். பொன்னழகு சிரிக்கவில்லை. வந்தவருக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, ரம்புத்தான் மரத்தடியில் போய் ரொம்ப நேரம் நின்றாள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவள் துரையிடம் பாட்டில் கேட்கவில்லை. டம்ளரைக் கழுவி, கல்லுக்கு முன்னால் கவிழ்த்து வைத்தாள். மேற்கே பார்த்துக் கும்பிட்டாள். "இன்னைக்கு இங்கிட்டு ஒண்ணும் கெடையாது. நம்ம ஊருல தேடுறாங்க. போயி என்னான்னு பாத்துட்டு வாங்க," என்றாள், வெளியூர் போகிற புருஷனிடம் சொல்லுகிற மாதிரி. துரை பாட்டிலோடு வந்து, கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்துவிட்டுத் தாத்தாவுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். மலாயில் அது சரியாகத்தான் வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு வெள்ளி ஊற்றுவாள், மறு வெள்ளி கவிழ்த்து வைப்பாள். கருப்பர் இங்கே இருக்கிற வாரம் நாங்கள் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறோம். ஊருக்குப் போயிருக்கிற வாரம் தாழ்ப்பாள் போடுகிறோம்.